இன்னொரு தடவ கேக்குற பட்டன்

என் சத்தம் இப்ப எத்தனையோ பேரு போனுக்குள்ள கெடக்கு. "ஓஓஓ ஹோய்... போ... அந்தப் பக்கம் போ"ன்னு ஒரு கத்து கத்துவேன். காட்டுமாடு தலையத் தூக்கிப் பாக்கும், சலிச்சுக்கிட்டே வேலியத் தாண்டிப் போயிரும். நெசக் காட்டுமாடு இல்ல, வெளையாட்டுல வர்ற மாடு. ஆனா சத்தம் என் சொந்தச் சத்தம். போன வாரம் பழனியில இருந்து என் தங்கச்சி மக கூப்பிட்டா. "பெரியம்மா, பஸ்ஸுல ஒரு பிள்ள போன்ல நீங்க கத்துறீங்க. நான் நீங்கதான் வந்துட்டீங்களோன்னு சீட்டு சீட்டாத் தேடுறேன்"னு சொல்லிச் சிரிக்கா. அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கல, அம்புட்டுச் சந்தோசம்.

இதை நான் எழுதலங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி போன முன்னால வச்சுட்டு, "நீ பாட்டுக்குப் பேசு அப்பத்தா, அது எழுதிக்கிரும்"னுட்டுப் போயிட்டா. நான் இருமுனாக்கூட எழுதுமோ என்னமோ. எழுத்துத்தான் தெரியாதே தவிர நம்பரு தெரியும். பஸ் நம்பரு, ரூபா நோட்டு, எடக்கல்லு, இதெல்லாம் யாரும் என்னைய ஏமாத்த முடியாது. இதை எதுக்குச் சொல்றேன்னா பின்னால இதுக்குச் சோலி இருக்கு.

எங்க ஊரு கொடைக்கானலுக்கும் மேல. பஸ்ஸ விட்டு எறங்குனா படிபடியா பூண்டுக்காடு. எந்த வீட்டுக்குள்ள போனாலும் அடுப்புக்கு மேல பரண்ல பூண்டு தொங்கும், பொகையில கெடந்து செவந்து போயி. எங்க சேலையெல்லாம் பொக வாசந்தான். என் மகனும் பூண்டுதான் போடுறான். அவன் மக, அதான் என் பேத்தி, திண்டுக்கல்லுல கம்ப்யூட்டர் படிச்சுட்டு வந்தா. படிச்சவ வேலைக்குப் போகாம, கொடைக்கானல் டவுனுல அவ கூடப் படிச்ச பிள்ள ஒருத்தி இருக்கா, அவளோட சேந்து போன்ல ஆடுற வெளையாட்டுச் செய்யப் போறேன்னா. வெளையாட்டு ஆடுறதைக் கேள்விப்பட்டுருக்கேன், செய்யறதைக் கேட்டதே இல்ல.

என்ன வெளையாட்டுன்னு கேட்டா, எங்க பூண்டுக்காடுதான்! நீங்க ஆடுனீங்கன்னா உங்களுக்குப் படிக்கட்டு மாதிரி அஞ்சு துண்டு நெலம் குடுப்பாங்க. வெதப்பூண்டைப் பல்லு பல்லா உரிச்சு வைக்கணும், களை வாங்கணும், பனி விழுந்தா மேல மூடணும், காட்டுமாடும் பன்னியும் வந்தா வெரட்டணும். பொறவு புடுங்கி, பரண்ல தொங்கவிட்டு, கீழ வண்டி ஏத்தி விடணும். நாங்க இங்க இடுப்பொடியச் செய்யிற சோலிய, கோயமுத்தூருல ஒருத்தன் கட்டில்ல படுத்துக்கிட்டு ஒரு வெரல்ல செய்வான். கேட்டதும் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். என் மகன் சிரிக்கல.

அவனையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. மூணு வருசமா ரெண்டு பிள்ளைகளும் ஒரு ரூம்புக்குள்ள ஒக்காந்து கெடக்குதுக. ஊருல பாக்குறவுகெல்லாம் "மக என்ன பண்ணுது?"ன்னு கேப்பாக. "வெளையாடுது"ன்னு இவன் எப்படிச் சொல்லுவான்? கோயமுத்தூருல ஒரு மில்லு ஆபீசுல அவனுக்குத் தெரிஞ்சவரு வேலை வச்சிருந்தாரு. கடைசியில அவன் ஒரே முடிவாச் சொல்லிப்புட்டான். "இந்த ஐப்பசிப் பட்டம் வரைக்குந்தான். நாங்க வெதைக்கிறதுக்குள்ள உன் வெளையாட்டு வெளிய வரணும். வரலையா, பெட்டியக் கட்டிக்கிட்டு மில்லு ஆபீசுக்குப் போயிரணும்." பேத்தி தட்டுல இருந்த சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தா.

வெளையாட்டுல எனக்கு எப்படிப் பங்கு வந்துச்சுன்னு சொல்றேன். முத முத எங்கிட்டத்தான் ஆடச் சொல்லிக் குடுத்தா. எழுத்தே இல்லாம ஆட முடியணும்னு அவளுக்கு ஆசை. அதுக்கு என்னையவிட நல்ல ஆளு கெடைக்குமா? நான் பாத்தேன், நெலம் வந்துச்சு, மம்பட்டி வந்துச்சு, நேரா வெதைக்கச் சொல்லுது.

"ஏன்டி, கேக்காம எப்படி வெதைக்கிறது?"ன்னேன்.

"யாருகிட்ட கேக்கணும்?"னு கூட ஒக்காந்திருந்த அந்த டவுனுப் பிள்ள முழிக்கா.

"சாமிகிட்ட! பூக்கட்டிப் பாக்க வேணாமா?"

உங்களுக்குத் தெரியாம இருந்தா சொல்லிர்றேன். எங்க ஊருல பூண்டு போடுறதுக்கு முன்னால கோயிலுக்குப் போவோம். வெள்ளச் செவந்திய உதுத்து ஒரு வெத்தலையில மடிப்போம். செவப்பு ரோசாவ உதுத்து இன்னொரு வெத்தலையில. ரெண்டும் ஒரே கணக்கா இருக்கணும், தொட்டாத் தெரியக் கூடாது. சாமிக்கு முன்னால போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத ஒருத்தர விட்டு எடுக்கச் சொல்லுவோம். வெள்ள வந்தா போடு. செவப்பு வந்தா இந்தப் பட்டம் பூண்டு வேணாம், வேற பயிரு. அம்புட்டுத்தான். கல்யாணம், வீடு, கெணறு எல்லாத்துக்கும் இப்படித்தான். எனக்கே என் வீட்டுக்காரரக் கட்டி வச்சது ஒரு வெள்ளச் செவந்திதான். அவரு கோவம் வந்தா, "அன்னைக்கு அந்தப் பொட்டலத்த எடுத்தவன் கையில கொள்ளி வைக்க"ம்பாரு. நானும் அதையேதான் சொல்லுவேன்.

பிள்ளைக ரெண்டும் குதிச்சுருச்சுக. ஒரு மாசத்துல போன்ல கோயிலு வந்துச்சு, வெத்தல வந்துச்சு, மணியடிச்சா பொட்டலம் தானா விரியுது. அம்புட்டு அழகு! கையோட என்னையக் காட்டுக்குள்ள நிக்க வச்சு மாடு வெரட்டச் சொல்லிச் சத்தத்தப் போன்ல புடிச்சுக்கிட்டாளுக. நான் கத்துன கத்துல பக்கத்துக் காட்டுக்காரரு கம்பெடுத்துக்கிட்டு ஓடியாந்துட்டாரு. மாட்டைக் காணோம், ரெண்டு பொட்டப்பிள்ளையும் ஒரு கெழவியுந்தான் நிக்கோம். "என்ன ஆத்தா, யார வெரட்டுற?"ங்குறாரு. "சும்மா, போனுக்கு"ன்னேன். அவரு என்ன நெனச்சாரோ, அதுல இருந்து எங்க வீட்டுப் பக்கம் வந்தா என்னைய ஒரு மாதிரித்தான் பாக்குறாரு.

இனிமேத்தான் என் தப்பு வருது.

நான் தெனமும் ஆடுனேன். வெள்ளனே எந்திரிச்சு காப்பித்தண்ணி குடிச்சதும் ஆடுவேன். அப்ப ஒரு வாரம் எனக்குச் செவப்பாவே வந்துச்சு. தொட்டா செவப்பு, தொட்டா செவப்பு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. பேத்திகிட்ட, "என்னடி இது, இன்னொரு தடவ கேக்க ஒரு வழி வைக்கக் கூடாதா?"ன்னுட்டேன். வாய் தவறி வந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆசப்பட்டுத்தான் கேட்டேன். டவுனுப் பிள்ள கையத் தட்டுனா. "சூப்பர் அப்பத்தா! இது நமக்குத் தோணவே இல்ல பாரேன்!"

அடுத்த வாரம் பாத்தா பட்டன் வந்துருச்சு. செவப்பு வந்தா கீழ ஒரு பூக்கூடைப் படம் மினுமினுன்னு மின்னும். அதத் தொட்டா பொட்டலம் மறுபடி மடங்கிக்கிரும், திரும்ப எடுக்கலாம். வெள்ள வர்ற வரைக்கும் தொட்டுக்கிட்டே இருப்பேன். கூடைக்குக் கீழ என்னமோ எழுதியிருந்துச்சு. எழுத்துன்னா நான் பாக்குறதே இல்லையே. அதுக்கப்பறம் என் நெலத்துல பூண்டத் தவிர வேற ஒண்ணும் வெளஞ்சதே இல்ல.

இந்த நேரத்துலதான் கவர்மெண்டு சட்டம் வந்துச்சு. காசு கட்டி ஆடுற ஆட்டம் எதுவும் போன்ல கூடாதுன்னு. எனக்கு அந்தச் சட்டத்தக் கேட்டதும் ரொம்பப் பிடிச்சுப் போச்சுங்க. எங்க பூண்டு ஏத்திக்கிட்டுப் போன லாரி டிரைவரு ஒருத்தரு, ஒட்டன்சத்திரத்துல மார்க்கெட்டுக்கு வெளிய நின்னு போன்ல சீட்டாடி ஆடி லாரியவே வித்துட்டாரு. சொந்த லாரி. கண்ணாடியில பிள்ளைக பேரு எழுதி வச்சிருப்பாரு. இப்ப வேற ஒருத்தரு லாரியில கிளீனரா வர்றாரு. என் முகத்தப் பாத்துப் பேச மாட்டாரு. அதனால டிவியில சட்டம்னு சொன்னதும் நான் கையத் தட்டுனேன். "நல்லா வேணும், எல்லாத்தையும் இழுத்து மூடு"ன்னேன்.

பேத்தி சொன்னா, "அப்பத்தா, எல்லாத்தையும் மூடுனா நாங்களும் அதுல இருக்கோம்."

அப்பறம் வெவரமாச் சொன்னா. காசு வைக்காம ஆடுற வெளையாட்டுக்குத் தடை இல்லையாம். அது வளரட்டும்னுதான் கவர்மெண்டே சொல்லுதாம். ஆனா எது காசு ஆட்டம், எது சும்மா ஆட்டம்னு ஒரு பேச்சு வந்தா, ஆபீசருங்க பாத்துச் சொல்லணும். இவளுக வெளையாட்ட வெளிய விடுறோம்னு சொன்ன கம்பெனிக்காரவுக, "பொட்டலம் எடுக்குற எடம் குலுக்கல் மாதிரி இருக்கு. ஆபீசருங்க சரின்னு சொன்னாத்தான் விடுவோம்"னுட்டாங்க. என் பூ! நான் வைக்கச் சொன்ன பூவுல வந்து நிக்குது. எனக்கு வந்த கோவத்துல அன்னைக்குப் பூண்டு உரிச்சதெல்லாம் நசுங்கிப் போச்சு.

நல்ல வேளையா, அந்த ஆபீசருங்களே கொடைக்கானலுக்கு வர்றாகன்னு சேதி வந்துச்சு. வெளையாட்டுச் செய்யிறவுகளக் கூப்பிட்டு, சட்டத்தப் பத்தி வெவரம் சொல்லி, அவுகவுக வெளையாட்டையும் பாத்துக் கருத்துச் சொல்லப் போறாகளாம். ஏரிக்கு மேல ஒரு ஓட்டலு ஹாலுல. ஐப்பசி பொறக்க இன்னும் பத்து நாளுதான் இருந்துச்சு. அதை விட்டா வேற நாளு இல்ல.

"நானும் வர்றேன்"னேன்.

"நீ எதுக்கு அப்பத்தா?"

"சத்தம் குடுத்தவ நான். பூக் குடுத்தவ நான். மெட்ராஸ் ஆபீசருக்குப் பூக்கட்டுறதுன்னா என்னன்னு தெரியுமா? குலுக்கல்னு நெனச்சுக்கிருவாக. நான் காட்டுறேன் பாரு." மொத நாளே தோட்டத்துல செவந்தியும் ரோசாவும் பறிச்சு, வெத்தல வாங்கி, ஈரத் துணியில சுத்தி மஞ்சப்பையில வச்சுக்கிட்டேன். மகன் பூண்டு மூட்டைய ஜீப்புல ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போறவன், எங்களையும் ஏத்திக்கிட்டான். வழியெல்லாம் மூடுபனி, முன்னால போற வண்டி தெரியல. அவன் ரோட்டையே பாத்து ஓட்டிக்கிட்டு வந்தான். பேத்தி ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தா. நான் மட்டும் பேசிக்கிட்டே வந்தேன். யாராச்சும் பேசணும்ல?

ஹாலுல என்னா கூட்டங்குறீங்க! கோயமுத்தூரு, மதுரன்னு எங்கெங்க இருந்தோ வந்த பிள்ளைக. எல்லாம் கம்பளிச் சட்டைய மாட்டிக்கிட்டு நடுங்குதுக. நான் வெறும் சேலையோட ஒக்காந்துருக்கேன். ஒருத்தன் சண்ட வெளையாட்டுக் கொண்டாந்தான், ஒருத்தி குதிரப் பந்தயம். குதிரக்காரிக்குக் கேள்வி மேல கேள்வி. மேசைக்குப் பின்னால ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடிய சங்கிலியில கட்டி நெஞ்சுல தொங்க விட்டுருந்தாக. அவுகதான் பெரிய ஆபீசரு. பக்கத்துல ஒரு தம்பி எழுதிக்கிட்டே இருந்தாரு. மகன் மூட்டைய எறக்கிட்டு வந்து கடைசி வரிசையில கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துட்டான்.

எங்க முற வந்துச்சு. டவுனுப் பிள்ள போனச் சொவத்துல பெரிசாத் தெரியிற மாதிரி மாட்டி விட்டா. அம்மாடி! எங்க பூண்டுக்காடு சொவரு நெறைய. நான் கத்துனதும் சண்ட வெளையாட்டுக்காரன் துள்ளிட்டான். எல்லாரும் சிரிக்காக. ஆபீசரம்மாவும் சிரிச்சாக. எனக்கு நெஞ்சு இம்புட்டுப் பெரிசா ஆயிருச்சு.

கோயிலு வந்துச்சு. பொட்டலம் விரிஞ்சுச்சு. செவப்பு.

"இப்ப என்ன ஆகும்?"னு ஆபீசரம்மா கேட்டாக.

"ஒண்ணும் ஆகாது மேடம், வேற பயிரு போடலாம். இல்லன்னா ரீட்ரை பண்ணலாம். அது ஆப்ஷனல்"னு டவுனுப் பிள்ள வெரசா அடுத்த படத்துக்குப் போகப் பாத்தா.

"அந்தப் பூக்கூடையக் கொஞ்சம் பெரிசாக் காட்டுங்க."

பூக்கூட சொவத்துல ஆளு ஒசரத்துக்கு வந்துச்சு. அதுக்குக் கீழ நம்பரு. ரூபாக் குறி போட்டு நம்பரு. எழுத்துத் தெரியாட்டியும் ரூபா தெரியும்னு சொன்னேன்ல? எனக்குத் திக்குன்னுச்சு. என் போன்ல ஆடிப் பாக்குறதுக்குன்னு எல்லாம் ஓசியாக் குடுத்து வச்சிருந்திருக்காளுக, அதான் அங்க நம்பரு இல்லாம வெறும் எழுத்தா இருந்திருக்கு. மத்தவுகளுக்கு, சாமிகிட்ட இன்னொரு தடவ கேக்கணும்னா காசு!

"காசு குடுத்து அதிர்ஷ்டத்தத் திரும்பத் திரும்பப் பாக்குறது. இது சட்டத்துக்குள்ள வருமா வராதான்னு நாங்களே ஒக்காந்து பேசணும். ஆனா எனக்கு இது சங்கடமா இருக்குப்பா"ன்னாக அந்தம்மா. எழுதுற தம்பி எழுதுறத நிறுத்திட்டாரு. பேத்தி மூஞ்சி வெள்ளப் பூண்டாட்டம் ஆயிருச்சு.

எனக்கு அந்தப் பட்டன நெனச்சுக் கோவம், பேத்திய நெனச்சு வேதன. ஆனா மனசுக்குள்ள அப்பக்கூட, பூவக் குலுக்கல்னுட்டாகளேங்குறதுதான் பெரிசா நின்னுச்சு. எந்திரிச்சுட்டேன். "அம்மா, இது குலுக்கல் இல்லங்க. இது எங்க ஊரு வழக்கம். ஒரு நிமிசம் பாத்துருங்க"ன்னு மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டு மேசைக்கே போயிட்டேன். பேத்தி "அப்பத்தா, அப்பத்தா"ங்குறா. நான் வெத்தலைய விரிச்சு, பூவ உதுத்து, மடிச்சு, ரெண்டையும் அந்தம்மாவுக்கு முன்னால போட்டேன். சாமி படம் இல்ல. மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்: 'முருகா, பிள்ளைக வெளையாட்டு இன்னைக்கு நல்லபடியா முடியணும். முடியுமா?'

"எடுங்கம்மா."

"நானா?"

"ஆமாங்க. ஒண்ணும் தெரியாதவுகதான் எடுக்கணும்."

ஹாலே ஓன்னு சிரிச்சுருச்சு. நான் நல்ல அர்த்தத்துலதான் சொன்னேன், சத்தியமா. அந்தம்மாவும் சிரிச்சுக்கிட்டே கண்ணாடிய மாட்டி, ஒரு பொட்டலத்த எடுத்துப் பிரிச்சாக.

செவப்பு ரோசா.

என் வாயி சும்மா இருந்துச்சா? "அய்யய்யோ, இன்னொரு தடவ எடுங்கம்மா"ன்னுட்டேன்.

அந்தம்மா கண்ணாடிக்கு மேல என்னையப் பாத்தாக. "அதுக்கு எவ்வளவுங்க?"ன்னாக.

சிரிப்புன்னா சிரிப்பு. மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்காக. சண்ட வெளையாட்டுக்காரனுக்குக் கண்ணுல தண்ணி. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டு இருக்கையிலயே எனக்கு ஒறச்சுருச்சு. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

"இல்லங்கம்மா"ன்னேன். "எங்க ஊருல ஒரு தடவதான் கேக்கணும். ரெண்டாந்தடவ கேக்கக் கூடாது. கேட்டா மொதத் தடவ கேட்டதே பொய்யின்னு ஆயிரும். எங்க மாமியா காலத்துல ஒருத்தரு ரெண்டாந்தடவ கேட்டாருன்னு ஊரே அவர அந்த வருசம் பொட்டலம் தொட விடல. நான் இந்த வயசு வரைக்கும் கோயில்ல ரெண்டாந்தடவ கேட்டதில்ல. போன்ல கேட்டுட்டேன். அந்தப் பட்டன வைக்கச் சொன்னதே நான்தாங்க. பிள்ளைக மேல தப்பு இல்ல. காசுன்னு எனக்குத் தெரியாது. ஆனா காசு இல்லாட்டியும் அது தப்புத்தான். அத எடுத்துருங்க."

டவுனுப் பிள்ள மெதுவா, "நான்தான் மேடம் பிரைஸ் போட்டேன். அப்பத்தா தொடுறதப் பாத்தேன், நிறுத்தவே மாட்டேன்னுது. சரி, எல்லாரும் தொடுவாங்கன்னு..."ன்னு சொன்னா. முடிக்கல.

"அதுக்குத்தாம்மா சட்டமே"ன்னாக ஆபீசரம்மா. சத்தமாக்கூடச் சொல்லல. எனக்கு லாரிக்காரரு ஞாபகம் வந்துருச்சு. வெள்ள வர்ற வரைக்கும் நான் தொட்டுக்கிட்டே இருந்தேன்ல, அந்த மனுசனும் அப்படித்தான் ஒக்காந்து தொட்டுக்கிட்டு இருந்துருப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வெரலுதான். எனக்கு ஓசி, அவருக்கு லாரி.

"பட்டன எடுத்துட்டுத் திருப்பி அனுப்புங்க. பூவுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பூ இருக்கட்டும், நல்லா இருக்கு. ஆனா இன்னைக்கு சரின்னு எழுதித் தர முடியாது. திருத்தி வந்தப்பறம் பாத்துட்டுத்தான் சொல்லுவோம், ரெண்டு மூணு மாசம் ஆகும்"னு சொல்லிட்டு, அந்த ரோசா இதழக் கீழ போடாம ஃபைலு மேலயே வச்சுக்கிட்டாக.

ரெண்டு மூணு மாசம்! ஐப்பசிக்குப் பத்து நாளு. பேத்தி மூஞ்சிய என்னால பாக்க முடியல. வெளிய வந்தோம். ஏரிப் பக்கம் மழ தூறுது, வெளியூருக்காரவுக சோளத்தக் கடிச்சுக்கிட்டுப் போறாக. மகன் ஜீப்புகிட்ட நிக்கான். பேத்தி நேராப் போயி, "அப்பா, மில்லு ஆபீசுக்குச் சொல்லிருங்க. நான் போறேன்"னா. கொரலு ஒடையாமச் சொன்னா. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுச்சு.

மகன் சாவிய உருட்டிக்கிட்டே நின்னான். அப்பறம் கேட்டான், "அந்தம்மா எடுத்தது செவப்புத்தான?"

"செவப்புத்தான்டா. கண்ணால பாத்தேல்ல"ன்னு எனக்கு எரிச்சலு.

"என்னன்னு கேட்டுப் போட்ட?"

"இவ வெளையாட்டு இன்னைக்கு முடியுமான்னு கேட்டுப் போட்டேன். வேற என்னத்தக் கேப்பேன்?"

"அப்பறம் என்ன?"ன்னான். "செவப்புன்னா இந்தப் பட்டம் இல்லன்னுதான அர்த்தம்? நெலத்த வித்துரணும்னா அர்த்தம்? அடுத்த பட்டத்துக்குப் பாக்கலாம். வைகாசி வரைக்கும் இருக்கட்டும். ஏறுங்க வண்டியில, நனையாதீக."

பேத்தி அப்படியே நிக்கா. டவுனுப் பிள்ளதான் "அங்கிள்!"னு கத்திக்கிட்டு அவன் கையப் புடிச்சு ஆட்டுறா. எம் மகனுக்கு ஒரே வெக்கம். நான் அந்தச் செவப்பு ரோசாவுக்கு மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டேன். வெள்ள வந்துருந்தாக்கூட அந்தப் பய இப்படிச் சொல்லியிருக்க மாட்டான். செவப்புன்னாத்தான் அவனுக்குப் புரியுது! இருவது வருசமாக் காட்டுல அதைத்தான பாத்துக்கிட்டு இருக்கான்.

பட்டன எடுத்தாச்சு. எடுத்ததும் டவுனுப் பிள்ளைக்கு ஒரு கவலை. "செவப்பு வந்தா போர் அடிச்சு எல்லாரும் கேம விட்டே போயிருவாங்க அப்பத்தா. செவப்பு வந்த வருசம் நீங்கள்லாம் என்னதான் பண்ணுவீங்க?"

என்ன கேள்வி கேட்டா பாருங்க! நான் ஆரம்பிச்சேன். செவப்பு வந்தா பட்டாணி போடுவோம், அதுல ஊரே பச்சையா உரிச்சுத் திங்கும். உருளக்கெழங்கு போடுவோம், பன்னி வந்து நோண்டும், அதுக்குக் காவ இருக்கையில சுட்டுத் திங்கிற கெழங்குக்கு ஈடே கெடையாது. வேலி கட்டுவோம். உறவுக்காரவுகளப் பாக்கப் பண்ணைக்காட்டுக்கு எறங்குவோம், அங்க காப்பித் தோட்டத்துல பழம் பறிக்க ஒத்தாசைக்கு நிப்போம், திரும்பையில வாழத்தாரோட வருவோம். எம் மகளுக்குக் கல்யாணம் முடிச்சதே ஒரு செவப்பு வருசத்துலதான், வெள்ள வருசத்துல யாருக்குங்க நேரம்? நான் சொல்லச் சொல்ல ரெண்டும் எழுதுதுக. குளிரு காலத்துல அதைத்தான் செஞ்சு, தை பொறக்கையில ஆபீசருங்களுக்குத் திருப்பி அனுப்புனாளுக. இப்ப நீங்க ஆடுனா, செவப்பு வந்ததும் பண்ணைக்காட்டுக்குப் போற பஸ்ஸு வரும். ஏறித்தான் பாருங்களேன்.

மாசி கடைசி. நான் காட்டுல களை வாங்கிக்கிட்டு இருக்கேன். மேல் படியில இருந்து பேத்தி ஓடியாரா. ஓடியாரான்னா சும்மா இல்ல, பூண்டுப் பாத்திய மிதிச்சுக்கிட்டு ஓடியாரா. அவ அப்பன் "ஏலே, பாத்துலே, தாளு ஒடியுது"ன்னு கத்துறான். மகளுக்கும் அவனுக்கு ஏலேதான். அவ காதுல எங்க விழுகுது?

"அப்பத்தா! ஆபீசுல இருந்து வந்துருச்சு!"

போனப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கப் படிச்சா. நீட்டா என்னென்னமோ இங்கிலீசு. கடைசியில தமிழ்ல சொன்னா: இந்த வெளையாட்டு காசு கட்டி ஆடுற ஆட்டம் இல்ல, இதை வெளிய விடுறதுக்குத் தடை ஒண்ணும் இல்ல.

என் கையில களைக்கொத்து. கீழ போட மறந்துட்டேன். அதோட அவளக் கட்டிப் புடிச்சு, "இன்னொரு தடவ படிடி"ன்னேன்.

அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு என்னைய மொறைச்சா. "ஒரு தடவதான் கேக்கணும் அப்பத்தா."

கீழ் படியில நின்னு எம் மகன் சிரிச்சான் பாருங்க ஒரு சிரிப்பு! அப்பறம் அவனே மேல ஏறி வந்து, மம்பட்டியச் சாச்சு வச்சுட்டு, "எனக்குச் சரியாக் கேக்கல. எனக்காகப் படி"ன்னான். அவ படிச்சா. நாங்க ரெண்டு பேரும் சேந்து கேட்டோம்.